வாசித்தால் போதுமா, புரிய வேண்டாமா?

மலருக்கு ஏதாவது எழுது என்று சொன்னவுடன் கவிதைதான் நினைவுக்கு வந்தது. கவிதை எழுத நம் கல்லூரியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். பள்ளிப் பிள்ளைகள் ஒரு பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்வது எப்படி, அதற்கு நாம் எப்படி உதவலாம் என்பதே அது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் தெருவில் எனக்கு "படிச்ச பொண்ணு" என்று பெயர். சாயங்காலம் ஆனால் ஆறாவது முதல் ஒன்பதாவது வரை படிக்கும் நாலைந்து பிள்ளைகள் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அம்மா ஷூ கம்பெனியிலும் அப்பா டேனரியிலும் ஷிப்ட் பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள். சில வீட்டில் பேச்சு உருது, சில வீட்டில் தெலுங்கு.

குறை எங்கே இருக்கிறது?

பாடத்தை வாசிக்கச் சொன்னால் கடகடவென்று வாசிப்பார்கள். "இன்னா சொல்லியிருக்கு?" என்று கேட்டால் மறுபடியும் புத்தகத்தைப் பார்ப்பார்கள். கேள்வியில் உள்ள ஒரு வார்த்தை பாடத்தில் எங்கே வருகிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே எழுதிவிடுவார்கள். மார்க்கும் விழுந்துவிடும். ஆனால் விஷயம் உள்ளே போயிருக்காது.

இது பிள்ளைகளின் குற்றம் அல்ல. கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வகுப்புகள் 2021 நவம்பர் 1-ல்தான் மீண்டும் திறந்தன. எழுத்து பழகும் வயதில் பலருக்குப் பள்ளியே இல்லை. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 2021-ல் இல்லம் தேடிக் கல்வியும், 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்தன. எழுத்தைக் கூட்டி வாசிப்பது முதல் படி. வாசித்ததைப் புரிந்துகொள்வது அடுத்த படி. முதல் படி ஏறிவிட்டால் அடுத்தது தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். அது தானாக வராது, சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

எங்கள் அம்மா பி.எஃப். காகிதத்தை நீட்டி, "இத படிச்சுச் சொல்லு" என்பார். வரி வரியாக வாசித்துக் காட்டினால், "நீ படிச்சது காதுல விழுந்துச்சு, இன்னான்னு சொல்லு" என்பார். பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கு வாசிப்பது வேறு, புரிந்து சொல்வது வேறு என்று தெரிந்திருக்கிறது.

ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம்

எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக நானே எழுதிய பத்தி இது:

"ரோமத்தை நீக்குவதற்காகத் தோலைச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் ஊறப்போடுவார்கள். பின்னர் நன்றாகக் கழுவிச் சுண்ணாம்பை நீக்கிய பிறகே அமிலம் சேர்ப்பார்கள். சல்பைடு கலந்த கழிவுநீரோடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆகவே நாற்றம் இல்லை என்று நம்பித் தொட்டிக்குள் இறங்கக் கூடாது."

"ரோமத்தை நீக்க எதைப் பயன்படுத்துவர்?" என்று கேட்டால் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். "நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று அர்த்தமா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் "ஆமாங்க்கா" என்பார்கள். இந்தக் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொன்னால் போவது மார்க் மட்டும் அல்ல. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மயங்கியவரைத் தூக்கப் போனவரும் இறந்தார் என்ற செய்தியை நம் பகுதியில் யார்தான் கேட்டதில்லை?

நான்கு பழக்கங்கள்

1. ஊகித்தல்: வாசிக்கும் முன் தலைப்பையும் படத்தையும் பார்த்து, "இதுல இன்னா வரும்? உனக்கு ஏற்கெனவே இன்னா தெரியும்?" என்று கேட்க வேண்டும். தெரிந்ததோடு சேர்த்தால்தான் புதியது மனதில் ஒட்டும். 1988-ல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டத்தை நன்கு அறிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகமாகப் புரிந்துகொண்டார்கள். அதனால்தான் தோல் பற்றி எழுதினேன். நம் பிள்ளைகளுக்குப் பனிமலை தெரியாது. ஆனால் டிரம் சுற்றுவது தெரியும், சுண்ணாம்பு வாடை தெரியும்.

2. கேள்வி கேட்டல்: ஒவ்வொரு பத்திக்கும் பிள்ளையே ஒரு கேள்வி தயார் செய்ய வேண்டும். "எது, எங்கே, எப்போது" என்பவற்றுக்குப் பதில் வரியிலேயே கிடைக்கும். "ஏன், எப்படி, இல்லாவிட்டால் என்ன ஆகும்" என்று கேட்டால் இரண்டு மூன்று வரிகளைச் சேர்த்து யோசிக்க வேண்டிவரும். "கழுவாமலேயே அமிலம் ஊத்தினா இன்னா ஆகும்?" என்று ஒரு ஏழாம் வகுப்புப் பையன் கேட்டான். இதற்குப் பதில் இரண்டாவது வரியிலும் மூன்றாவது வரியிலும் பாதிப் பாதியாக இருக்கிறது.

3. தெளிதல்: புரியாத இடத்தைத் தாண்டி ஓடாமல், பென்சிலால் கோடு போட்டு நிற்க வேண்டும். மூன்று வழிகள் சொல்கிறேன். முதலாவது, நீண்ட சொல்லைப் பிரித்துப் பார்ப்பது: கழிவு + நீர். இரண்டாவது, இணைப்புச் சொற்களைக் கவனிப்பது. "ஆகவே" என்றால் முன்னால் காரணம் இருக்கிறது. "ஆனால்" என்றால் பேச்சு திரும்புகிறது. "பிறகே" என்பதில் உள்ள ஏகாரம், அதற்கு முன்னால் செய்யாதே என்று எச்சரிக்கிறது. மூன்றாவது, நீண்ட வாக்கியத்தைக் கடைசியிலிருந்து பிடிப்பது. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் பெரும்பாலும் வரும். "சுத்திகரிக்காத கழிவுநீரை ஆற்றில் விடும் நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்" என்று இருந்தால், எடுக்கப்படுவது என்ன? நடவடிக்கை. யார் மேல்? நிறுவனங்கள் மேல். எந்த நிறுவனங்கள்? ஆற்றில் விடுபவை. எதை? சுத்திகரிக்காத கழிவுநீரை. வாக்கியம் முழுதும் அவிழ்ந்துவிட்டது.

4. சுருக்கிச் சொல்லுதல்: புத்தகத்தை மூடிவிட்டுத் தன் பேச்சிலேயே இரண்டு வரி சொல்ல வேண்டும். "நாத்தம் இல்லன்னா நல்லதுன்னு நெனைக்காத, மூக்கே ஏமாத்தும்" என்று ஒரு பிள்ளை சொன்னால் போதும், பத்தி புரிந்துவிட்டது. வீட்டில் உருது பேசுகிற பிள்ளை முதலில் உருதில் சொல்லட்டும், பிறகு தமிழில் சொல்லட்டும். புத்தக நடையில் சொல்லவில்லையே என்று தடுக்கக் கூடாது.

அங்கேயும் இங்கேயும்

இந்த நான்கும் என் கண்டுபிடிப்பு அல்ல. 1984-ல் அமெரிக்காவில் பாலின்சார், பிரவுன் என்ற இரு கல்வி ஆய்வாளர்கள், சரளமாக வாசித்தும் பொருள் விளங்காத ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு இந்த நான்கையும் பழக்கினார்கள். முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார். பிறகு மாணவர்கள் முறை வைத்து ஒவ்வொருவராக ஆசிரியராக மாறுவார்கள். பிள்ளைகளின் புரிதல் நன்றாக முன்னேறியது.

நம் தமிழிலும் இது பழைய விஷயம்தான். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், நூல் பயிலும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. கேட்டதை நினைத்துப் பார்ப்பது, உடன் பயில்பவரோடு பழகுவது, வினவுவது, வினவியதற்கு விடை சொல்வது என்று வரிசையாக வருகிறது. அதோடு ஒரு கணக்கும் இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் வரும். சக மாணவரோடு பயில்வதில் இன்னொரு கால் வரும். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும்.

நாம் செய்ய வேண்டியது

நண்பர்களே, அந்த அரைப் பங்கு நமக்கும் தேவைப்படுகிறது. நம்மில் பலர் தமிழ் வழியில் படித்து, இங்கே வந்து இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தவர்கள். வீட்டில் சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. அதனால் புத்தகத்தையே கேள்வி கேட்டுப் பழக வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்த பிறகு, என் பாடப் புத்தகத்திலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் "ஏன்?" என்று ஒரு கேள்வி எழுதி வைக்கிறேன். பரீட்சைக்கு முந்தின நாள் அந்தக் கேள்விகளை மட்டும் திருப்பினால் போதுமாக இருக்கிறது.

செய்முறை சுலபம். தெருவில் நாலு பிள்ளைகளைச் சேருங்கள். அரை மணி நேரம், ஒரு பத்தி. ஒருவர் ஊகிக்க, ஒருவர் கேட்க, ஒருவர் கஷ்டமான இடத்தைத் தெளிவாக்க, ஒருவர் சுருக்கிச் சொல்ல வேண்டும். மறுநாள் வேலையை மாற்றிக் கொடுங்கள். முதல் வாரம் பேசமாட்டார்கள், நாம்தான் செய்து காட்ட வேண்டும். பாடப் புத்தகம் மட்டும் வேண்டாம். மாத்திரை அட்டை, பஸ் அறிவிப்பு, டேனரி வாசலில் உள்ள எச்சரிக்கைப் பலகை எல்லாமே பாடம்தான்.

பாலாற்று மாசு பற்றி வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் அது பாடம். நம் ஆற்றைப் பற்றி, நம் அப்பா வேலை செய்யும் தொழிலைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு. அதை நம் தெருப் பிள்ளை ஒருத்தி ஒரு நாள் எடுத்துப் படித்து, "இதுல இன்னா சொல்லியிருக்குன்னா..." என்று தன் அம்மாவுக்கு விளக்க வேண்டும். அதற்கான வேலையை இந்த விடுமுறையிலேயே உங்கள் தெருவில் ஆரம்பியுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.