கட்டடக்கலை படிக்கப் போகும் பிள்ளைக்கு

கண்ணு, கட்டடக்கலை படிக்கச் சேர்ந்துவிட்டாய் என்று கேட்டதும் மனம் நிறைந்தது. கோடும் கணக்கும் உன் ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல நினைப்பதெல்லாம் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயிஸ் கான் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து சில. அதில் எடுத்துக்கொள்ளவும் உண்டு, தள்ளிவிடவும் உண்டு.

1. அவசரப்படாதே. 1901இல், இன்றைய எஸ்தோனியாவில் பிறந்தவர் கான். குழந்தையிலேயே தணலில் முகம் வெந்து, வடு கடைசிவரை நின்றது. குடும்பம் பிலடெல்பியாவுக்குக் குடியேறியது, வீட்டில் வறுமை. ஊமைப்படக் கொட்டகையில் பியானோ வாசித்துச் சம்பாதித்தார். 1924இல் பட்டம் வாங்கியவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் பெரிய கட்டடம், யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம், 1953இல்தான் எழுந்தது. கூடப் படித்தவன் முப்பதிலேயே பேர் எடுத்தால் வயிறெரியாதே. உன் வேளை வரும்போது உன் கை தயாராக இருக்கட்டும்.

2. பழையதன் முன்னால் பணிந்து நில். ஐம்பதை எட்டும் வயதில் ரோமில் தங்கி, கிரேக்கமும் எகிப்தும் போய், இடிபாடுகளைப் படம் வரைந்தார் கான். கனத்த சுவரும் அதில் விழும் வெளிச்சமும் அதன் பிறகே அவருக்கு வசப்பட்டன. தலை நரைத்த பிறகும் மாணவனாக இருக்கத் தெரிந்தவனுக்கே தொழில் வளரும்.

3. புகழைவிடப் புகாரை உற்றுக் கேள். பிலடெல்பியாவில் அவர் கட்டிய ரிச்சர்ட்ஸ் ஆய்வகத்தை உலகமே கொண்டாடியது. உள்ளே வேலை பார்த்த விஞ்ஞானிகளோ வெயிலில் கண் கூசுகிறது என்று ஜன்னலை மறைத்தார்கள். அடுத்து கலிபோர்னியாவில் சால்க் ஆய்வகம் கட்டியபோது, உள்ளே வேலை பார்ப்பவர்களின் வசதியை எண்ணி, குழாய்களுக்கென்றே ஆய்வுக்கூடங்களின் மேல் தனித் தளம் அமைத்தார். கூடங்களுக்குள் ஒரு தூண்கூட இல்லை. குடியிருப்பவன் சொல்லே கடைசித் தீர்ப்பு.

4. உன் யோசனையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்காதே. சால்க் முற்றத்தில் மரங்கள் வைக்கலாம் என்றுதான் கான் எண்ணியிருந்தார். மெக்சிகோவின் கட்டடக் கலைஞர் லூயிஸ் பராகான் வந்து பார்த்து, ஒரு செடிகூட வேண்டாம், வெறும் கல் தளமாக விடுங்கள் என்றார். கான் கேட்டுக்கொண்டார். இன்று அந்த வெற்று முற்றத்தின் நடுவே மெல்லிய வாய்க்கால் ஒன்று பசிபிக் கடலைப் பார்த்து ஓடுகிறது. நல்லதை யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்.

5. பூசி மறைக்காதே. அதே சால்க் ஆய்வகச் சுவர்களில் சென்ட்ரிங் பலகை சேர்ந்த கோடும், பலகையை இறுக்கிய துளையும் இன்றும் தெரியும். அவை ஒழுங்காக அமைய முன்கூட்டியே திட்டமிட்டார் கான். மேலே பூச்சு இல்லை. அவர் வடிவமைத்த அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தில் செங்கல் வளைவு விரியாமல் இழுத்துப் பிடிக்கும் கான்கிரீட் கட்டையும் அப்படியே கண்ணில் படும். வேலை சுத்தமாக இருந்தால் மறைக்க என்ன இருக்கிறது?

6. தோள் கொடுத்தவர்களைப் பெயர் சொல்லி நினை. வடிவக் கணிதத்தில் ஆன் டிங், கட்டுமானப் பொறியியலில் கோமெண்டன்ட், அகமதாபாத்தில் நம் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி: இவர்கள் இல்லாமல் கான் இல்லை. தனி மரம் தோப்பாகாது.

7. வீட்டையும் வரவு செலவையும் கைவிடாதே. இதைக் கானிடம் கற்காதே. மூன்று குடும்பம், மூன்று பிள்ளைகள். யாருக்கும் முழுதாகக் கிடைக்கவில்லை அவர். 1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில், நியூயார்க் ரயில் நிலையத்தில் மாரடைப்பில் இறந்தார். செய்தி வீடு போய்ச் சேரவே நாளாயிற்று. அலுவலகத்துக்குப் பல லட்சம் டாலர் கடன். அவருடைய மிகப் பெரிய படைப்பான டாக்கா நாடாளுமன்றம் முடிந்தது 1982இல்.

அவரைப் போலக் கட்டு, கண்ணு. ஆனால் வேலை முடிந்ததும் வேளையோடு வீடு போய்ச் சேர்.