தாயில்லாக் குஞ்சுக்கு நீதான் தாய்

அன்புள்ள தம்பிக்கு, பெரியம்மா எழுதுவது.

50 முட்டை பிடிக்கும் இன்குபேட்டர் வாங்கிவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். சிறுவிடைக் கோழியில் தொடங்குவதும் நல்ல முடிவுதான். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடைக்கோழி முட்டைமேல் உட்காருவது 21 நாள். குஞ்சு இறங்கிய பிறகு அது படும் பாடு இரண்டு மாதம். மெஷின் அந்த 21 நாளைத்தான் ஏற்றுக்கொள்ளும். மீதி உன் தலையில்.

சேவலோடு திரியும் கோழியின் முட்டையாகப் பார்த்து எடு. ஒரு வாரத்துக்கு மேல் பழையது வேண்டாம். எச்சம் பட்டதை வைக்காதே, கழுவியும் வைக்காதே. கழுவினால் ஓட்டின்மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்க் கிருமி உள்ளே இறங்கிவிடும்.

விசிறி வைத்த மெஷினுக்கு 37.5 டிகிரி சூடு. அதில் ஒளிரும் எண்ணை மட்டும் நம்பாதே. தனியாக ஒரு தெர்மாமீட்டரை முட்டை மட்டத்தில் வைத்து, முட்டை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க வெறும் மெஷினை ஓட்டிப் பார். கரண்ட் போனால் பதறி மூடியைத் திறக்காதே, மேலே ஒரு போர்வையைப் போடு. கொஞ்ச நேரக் குளிரை முட்டை தாங்கும். சூடு 40ஐத் தாண்டி நின்றால்தான் கரு செத்துப்போகும்.

18ஆம் நாள் வரை முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் அகன்ற பக்கத்தில் செல்போன் வெளிச்சத்தை வைத்துப் பார். கரு பிடித்திருந்தால் நடுவில் ஒரு கரும்புள்ளியும், அதைச் சுற்றிச் சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்புகளும் தெரியும். ஒன்றுமில்லாமல் பளிச்சென்று இருந்தால் கூமுட்டை. எடுத்துவிடு, உள்ளேயே அழுகி வெடித்தால் மற்றதும் கெடும்.

18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்தி, தண்ணீர்த் தட்டை நிரப்பி, ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு மேல் ஏற்றிவிடு. அதன் பிறகு மூடியில் கை வைக்கவே கூடாது. இங்கேதான் எல்லோருக்கும் பொறுமை போகிறது. குஞ்சு ஓட்டில் ஓட்டை போட்டுவிட்டு மணிக்கணக்கில் சும்மா கிடக்கும். செத்துவிட்டதோ என்று தோன்றும். அது மூச்சு பழகிக்கொண்டு, மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. முழுதாக வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். உதவுகிறேன் என்று ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும். மூடியைத் திறந்தால் ஈரம் போய், உள்சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிப் பிடித்துவிடும். முதலில் வந்தவை பசியில் கத்துகின்றன என்றும் கவலைப்படாதே. உள்ளே போன மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும். உடம்பு காய்ந்து பொசுபொசுவென்று ஆன பிறகு எடு.

இனித்தான் தாயின் வேலை. முதல் வாரம் பல்புக்குக் கீழே 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வா. தெர்மாமீட்டரைவிடக் குஞ்சைப் பார். பல்பின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது. ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது. வெறும் செய்தித்தாள் விரித்தால் வழுக்கிக் கால் விரிந்துவிடும், சாக்கு போடு. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வை, இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும். தரை ஈரமானால் ரத்தக் கழிச்சல் வரும்.

வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்துதான் ஒரே வழி. வந்த பிறகு மருந்து கிடையாது, கூண்டே காலியாகும். ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா சொட்டு. எட்டாம் வாரத்தில் ஊசி. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேள். மருந்தை ஐஸ் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

பருந்து வந்தால் தாய்க்கோழி ஒரு குரல் கொடுக்கும், குஞ்சுகள் இறக்கைக்கடியில் ஓடிவிடும். மெஷின் குஞ்சுக்கு அந்தக் குரல் கிடையாது. அதனால் மேலே வலை கட்டாமல் வெளியே விடாதே. இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மெஷினில் வைக்கிற அன்றே ஒரு அடைக்கோழியையும் நாலைந்து முட்டையோடு உட்கார வை. குஞ்சு பொரித்த ராத்திரி, இருட்டில், மெஷின் குஞ்சுகளில் ஏழெட்டை அதன் அடியில் தள்ளிவிடு. பெரும்பாலும் விடியும்போது எல்லாவற்றையும் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். காலையில் கொத்துகிறதா என்று மட்டும் நின்று பார்.

முதல் தடவையே 50ஐயும் நிரப்பாதே, 20 போதும். கூண்டு, பல்பு, வலை, தீவனம் எல்லாம் தயாரான பிறகுதான் முட்டையைத் தொட வேண்டும். வைத்த தேதியை எனக்குச் சொல், 18ஆம் நாள் நானே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா