உருக்காமல் ஒரு வார்ப்பு: ரெசினும் உலோகப் பொடியும்



ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் போகும்போது அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "தையல், பால்மாடு, பினாயில் எல்லாம் பார்த்தாச்சு. வீட்டில் இருந்தே செய்கிற மாதிரி வேறு ஏதாவது தொழில் இருக்கா?" இந்த இதழில் அப்படி ஒரு தொழிலைப் படிப்போம். பித்தளை, வெண்கலம், செம்பு மாதிரியே தோற்றம் தரும் அலங்காரப் பொருட்களை அடுப்பே இல்லாமல் வார்க்கும் முறை இது. குளிர் வார்ப்பு என்று சொல்வார்கள். லாபத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நம்முடைய உடம்பு, கடன், நேர்மை ஆகிய மூன்றையும் பார்க்கணும். அதனால் நிதானமாகப் படியுங்கள்.

குளிர் வார்ப்பு என்றால் என்ன?

சுவாமிமலையில் சிலை செய்பவர்கள் முதலில் மெழுகில் உருவம் செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றுகிறார்கள். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். செம்பு உருக 1085 டிகிரி சூடு வேண்டும். அது உலை, அனுபவம், தலைமுறை வித்தை எல்லாம் சேர்ந்த வேலை.

குளிர் வார்ப்பில் உலோகம் உருகுவதே இல்லை. ரெசின் என்ற பிசின் போன்ற திரவத்தில் ஹார்டனர் என்ற இன்னொரு திரவத்தைக் கலந்தால், அது தானாகவே இறுகிக் கல் மாதிரி ஆகிவிடும். இறுகும் முன் அதில் பித்தளைப் பொடியோ வெண்கலப் பொடியோ கலந்து ரப்பர் அச்சில் ஊற்றுகிறோம். இறுகியதும் மேல்பக்கத்தைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் உலோகத் துகள் வெளியே வந்து மின்னும். பெயிண்ட் அடித்த பொருளுக்கு இந்த மினுக்கு வராது, ஏனென்றால் இங்கே மின்னுவது நிஜ உலோகம். ஆனால் பொருள் முழுதும் உலோகம் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதைப் பற்றிப் பேசுவோம்.

தேவையான பொருட்கள்

1. எபாக்சி ரெசின், அதற்கான ஹார்டனர்
2. அச்சு செய்ய சிலிக்கான் ரப்பர், அதற்கான கேட்டலிஸ்ட்
3. பித்தளை, வெண்கலம் அல்லது செம்புப் பொடி (நைஸ் ரகம்)
4. கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு
5. பிளாஸ்டிக் கப், ஐஸ் குச்சி, மென்மையான பிரஷ்
6. நைட்ரைல் கையுறை, என்-95 முகக்கவசம், கண்ணாடி
7. மிக மெல்லிய இரும்புக் கம்பி நார், கறுப்பு பாலிஷ், மேல்பூச்சு வார்னிஷ்

பாலியெஸ்டர் ரெசின் விலை குறைவு என்று கடையில் சொல்வார்கள். அதன் நெடி கடுமையானது. அதற்கு ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட் என்று இரண்டு மருந்து உண்டு. அந்த இரண்டையும் நேரடியாகக் கலந்துவிட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பிள்ளைகள் ஓடியாடுகிற வீட்டுக்கு அது வேண்டாம். எபாக்சியே போதும்.

செய்முறை

முதல் படி: மாதிரி. களிமண்ணிலோ மரத்திலோ மாதிரி உருவம் செய்துகொள்ளுங்கள். நம்ம ஊர் அடையாளம் நமக்கே சொந்தம். ஆண்டாள் கையில் இருக்கும் கிளி, பதினோரு நிலை ராஜகோபுரம், 2005-ல் தபால்தலையிலேயே வந்த ராஜபாளையம் நாய் என்று எத்தனையோ இருக்கு. வேறு ஒருவர் செய்து விற்கிற பொம்மையை வாங்கி அதிலிருந்து அச்சு எடுப்பது அவர் உழைப்பைத் திருடுவது. அதைச் செய்யக் கூடாது.

இரண்டாம் படி: அச்சு. மாதிரியை ஒரு டப்பாவின் அடியில் ஒட்டி, சிலிக்கான் ரப்பரில் கேட்டலிஸ்ட் கலந்து ஓரமாக மெல்லிய நூல் போல ஊற்றுங்கள். வேகமாக ஊற்றினால் காற்றுக்குமிழி விழும். மறுநாள் பிரித்தால் அச்சு தயார்.

மூன்றாம் படி: அளவு. அச்சு எவ்வளவு கொள்ளும் என்று பார்க்கத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஈரம் இருந்தால் ரெசின் கெட்டுப்போகும். கேழ்வரகை நிரப்பி, அதை அளவுக் கப்பில் கொட்டிப் பாருங்கள்.

நான்காம் படி: பொடி தடவுதல். காய்ந்த பிரஷால் அச்சின் உட்பக்கம் முழுதும் உலோகப் பொடியைத் தடவி, மிச்சத்தைத் தட்டி எடுங்கள். மூக்கு, கண், இறகு போன்ற நுணுக்கமான இடம் மின்னுவது இதனால்தான்.

ஐந்தாம் படி: கலவை. ரெசினுக்கும் ஹார்டனருக்கும் உள்ள விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவில் எடை விகிதம் போட்டிருக்கா, கொள்ளளவு விகிதம் போட்டிருக்கா என்று பார்த்து அதன்படியே அளங்கள். குழம்புக்குப் புளி கரைக்கிற மாதிரி கண்ணளவு இங்கே உதவாது. ஹார்டனர் கூடினாலும் குறைந்தாலும் பொருள் பிசுபிசுவென்று நிற்கும். மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். பிறகு கலவைக்குச் சம அளவு உலோகப் பொடி சேர்த்து இட்லி மாவு பதத்துக்குக் கொண்டுவாருங்கள். இதை அச்சில் முதல் அடுக்காக ஊற்றுங்கள். பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், அங்கே ரெசினில் விலை குறைந்த சுண்ணாம்புக்கல் பொடி கலந்து நிரப்பலாம். உலோகப் பொடிச் செலவு நன்றாகக் குறையும்.

ஆறாம் படி: இறுகவிடுதல். ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகும். அந்த மாதங்களில் காலை நேரத்தில் வேலை செய்யுங்கள். ஒரே கப்பில் அதிகமாகக் கலந்து வைத்தால் சூடேறிப் புகை கூட வரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது.

ஏழாம் படி: மெருகு. கம்பி நாரால் மெதுவாகத் தேய்த்தால் உலோகம் எழும்பும். கறுப்பு பாலிஷைத் தடவித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் கறுப்பு நின்று பழைய வெண்கலக் களை வரும். கடைசியில் வார்னிஷ் பூசுங்கள். பூசாவிட்டால் வியர்வையும் காற்றும் பட்டுச் செம்பும் பித்தளையும் கறுத்துப் பச்சை பிடிக்கும்.

உடம்பு முக்கியம்

இறுகாத ரெசின் தோலில் பட்டால் அரிப்பு, கொப்புளம் வரும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே வரும். பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

உலோகப் பொடியை மின்விசிறிக்குக் கீழே திறக்காதீர்கள், அடுப்புக்குப் பக்கத்திலும் திறக்காதீர்கள். அலுமினியப் பொடி காற்றில் பறந்தால் தீப்பற்றும். தேய்க்கும்போது வரும் தூசி நெஞ்சுக்குக் கெடுதல், சேலை முந்தானை அதைத் தடுக்காது. என்-95 கட்டாயம். சமையலறையில் இந்த வேலை வேண்டாம். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இதைத் தவிர்ப்பது நல்லது. மிச்ச ரெசினைச் சாக்கடையிலும் கண்மாயிலும் ஊற்றாமல், இறுகவிட்டுக் குப்பையில் சேருங்கள்.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

சுவர் அலங்காரம், வாசல் தொங்கல், கொலு பொம்மை, சாவிக் கொத்து, டாலர் செய்யலாம். விளக்கு, ஊதுபத்தி ஸ்டாண்டு செய்யக் கூடாது. பார்க்கப் பித்தளை, ஆனால் நெருப்புப் பட்டால் எரியும். ஒரு வீட்டுப் பூஜை அறையே போய்விடும். சாப்பாட்டுத் தட்டு, டம்ளர், பிரசாதக் கிண்ணமும் கூடாது.

உள்ளதைச் சொல்லி விற்போம்

ஆடிப்பூரத் தேருக்கு வெளியூர்க்காரர்கள் வருவார்கள். அவர்களிடம் "ஐம்பொன்" என்று சொல்லி விற்கலாமே என்று ஒரு ஆசை வரலாம். 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் கிண்டிய பால்கோவாவை ஸ்ரீவில்லிபுத்தூர் பெயர் போட்டு விற்றால் நமக்கு வயிறு எரியாதா? சுவாமிமலைச் சிற்பிக்கும் அப்படித்தான் எரியும். பொய் சொல்லி விற்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படியும் தப்பு. வாங்கியவர் வீட்டுக்குப் போய் எடை போட்டாலே தெரிந்துவிடும். அப்புறம் குழுவின் பெயரே கெடும். "ரெசின், பித்தளைப் பொடி கலந்து கையால் செய்தது. நெருப்பில் காட்ட வேண்டாம்" என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விலை இடத்துக்கு இடம் மாறும். கீழே உள்ளது கணக்குப் போடும் முறைக்கு ஒரு உதாரணம் மட்டுமே. ஒரு கிளிக்கு:

அச்சுச் செலவு (ரூ.600 அச்சு, 30 வார்ப்பு): ரூ.20
ரெசின், பொடி: ரூ.25
பாலிஷ், கொக்கி, கவர்: ரூ.8
நம் கூலி (20 நிமிடம்): ரூ.17
மொத்தம்: ரூ.70

பத்தில் ஒன்று வீணாகும் என்று வைத்தால், அடக்கம் ரூ.78. ரூ.100-க்கு விற்றால் லாபம் ரூ.22.

இப்போது கடனைப் பாருங்கள். குழுவில் ரூ.10,000 கடன், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்து மாதத் தவணை என்றால், முதல் மாதம் கட்ட வேண்டியது ரூ.1,100. பொருள் பணம் அடுத்த கொள்முதலுக்குப் போகணும். கூலி வீட்டுச் செலவுக்குப் போகணும். தவணையை லாபத்தில் இருந்துதான் கட்டணும். அப்படியானால் மாதம் 50 கிளி விற்றாகணும். செய்வது கஷ்டமில்லை, 50 பேர் வாங்குவார்களா என்பதுதான் கேள்வி. கடைக்காரர் "விற்றால் பணம்" என்று சொன்னால் பொருள் அங்கே தூங்கும், வட்டி தூங்காது.

அதனால் முதலில் கடன் வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு அச்சுக்குப் பணம் போட்டுப் பத்து பொருள் செய்யுங்கள். சொந்தக்காரர் அல்லாதவரிடம் விற்றுப் பாருங்கள். விற்றால் மேலே போகலாம். மாவட்டத்தில் உள்ள ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் இலவசப் பயிற்சிகள் நடக்கின்றன. இந்தத் தொழிலுக்கும் பயிற்சி தருவார்களா என்று குழுவாகப் போய்க் கேளுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் குழுவில் இந்த வேலைக்குக் காற்றோட்டமான, பிள்ளைகள் கை படாத இடம் யார் வீட்டில் இருக்கு?
2. மாதம் 50 பொருளை எங்கே, யாரிடம் விற்போம்? மூன்று இடம் சொல்ல முடியுமா?
3. கணக்கில் நம் கூலியை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்?
4. "இது ஐம்பொன்தானே?" என்று வாங்குபவர் கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நான்கு கேள்விக்கும் கிடைத்த பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.