பள்ளியை வழிநடத்துவது யார்?



பள்ளியின் தலைமை யாரிடம் என்று கேட்டால் தலைமை ஆசிரியரைச் சொல்வோம். பொறுப்பு அவருடையதுதான். ஆனால் ஒரு சிக்கல் வந்தால் ஆசிரியர்களும் பிள்ளைகளும் முதலில் யாரைத் தேடிப் போகிறார்கள்? அதைத் தாளில் வரைந்து படிப்பதற்கு உதவுவது வலையமைப்புக் கோட்பாடு. ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. ஒருவர் இன்னொருவரை நாடினால் ஓர் அம்புக்குறி.

1932இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் என்ற ஊரின் பெண்கள் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரங்களில் 14 பேர் ஓடிப்போனார்கள். மனநல மருத்துவர் ஜேக்கப் மொரீனோ அந்தப் பெண்களின் குணத்தைக் குறைசொல்லி நிறுத்தவில்லை. அங்கே யாருக்கு யார் நெருக்கம் என்று ஹெலன் ஜென்னிங்ஸுடன் சேர்ந்து வரைந்து பார்த்தார். வெவ்வேறு குடில்களில் தங்கியிருந்தாலும் உறவுச் சங்கிலி அவர்களை இணைத்திருந்தது. ஓடும் எண்ணம் அதன் வழியே பரவியது என்று விளக்கினார்.

கெட்டது பரவும் வழியில் நல்லதும் பரவும். ஆகவே பள்ளியின் படத்தில் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, நிறைய அம்புகள் சேரும் புள்ளி. பதவி இல்லாத ஓர் ஆசிரியையாகக்கூட அவர் இருக்கலாம். எல்லாச் சுமையும் அவர் மேலேயே இருந்தால், அவர் மாற்றலாகிப் போகும் நாளில் பல இழைகள் அறுந்துவிடும்.

இரண்டு, பாலம். ஒன்றோடொன்று பேசாத இரு குழுக்களை இணைப்பவர்.

மூன்று, அம்பே இல்லாத புள்ளி. படிப்பை நிறுத்தப்போகும் பிள்ளை பெரும்பாலும் சத்தமில்லாமல் அங்கேதான் நிற்கும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். குழுவில் பாதிப்பேர் பெண்கள். இடம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்த உறுப்பினர் யாரென்றே நம் தெருத் தாய்மார்களுக்குத் தெரியாவிட்டால், அவரும் அம்பு சேராத புள்ளிதான். குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்தின் பெயரே அஷ்ஷூரா, அதாவது கலந்தாலோசனை. கலந்து பேசும் வழி திறந்திருந்தால்தான் தலைமை பயன்படும்.

இந்த வாரம் பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: "பள்ளியில் உனக்கு ஒரு கஷ்டம் என்றால் யாரிடம் சொல்வாய்?" ஒரு பெயர் வந்தால், அந்த ஆசிரியரை நேரில் பார்த்து நன்றி சொல்லுங்கள். பெயரே வராவிட்டால் வகுப்பாசிரியரையும் குழு உறுப்பினரையும் சந்தியுங்கள். பிள்ளை சொன்னதை ஊருக்குச் சொல்ல வேண்டாம், அது அமானிதம்.

நம் பிள்ளைகளில் எவரும் தனிப்புள்ளியாக நிற்காதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.