சுடாத தகடு: அறுவைக் கூடத்தில் ஒரு பௌதிகப் பாடம்

அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டுக்குக் கொண்டுவரப்படும் நோயாளியின் வயிற்றில் தையல் இருந்தால் வியப்பில்லை. கத்தியே படாத தொடையில் ஒரு தீக்காயம் இருந்தால்? மின்சாரத்தால் அறுக்கும் கருவிகள் பெருகிய காலத்தில் பல நாட்டு மருத்துவமனைகளிலும் இத்தகைய காயங்கள் நேர்ந்ததுண்டு. சூடு பட்டால் நாம் கையை இழுத்துக்கொள்கிறோம். ‘ஐயோ’ என்று அலறுகிறோம். மயக்க மருந்தில் உறங்குபவருக்கு இவ்விரண்டும் இயலா. அவருக்காக மற்றவர்கள்தாம் விழித்திருக்க வேண்டும். அந்தக் காயம் எப்படி உண்டாகிறது, அதைத் தடுக்கும் தகட்டை எவ்வாறு அமைக்கிறார்கள் என்பதை, மாணவிகளே, நாம் வகுப்பில் படிக்கும் பௌதிகத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

மின்கத்தி என்பது யாது?

மருத்துவமனைப் பேச்சு வழக்கில் இதைக் ‘காட்டரி’ என்பார்கள். உண்மையில் காட்டரி என்பது காய்ச்சிய உலோகத்தால் சுடுவது. மின்கத்தி அப்படிப்பட்டதன்று. அதன் முனையை யாரும் முன்கூட்டிச் சூடேற்றுவதில்லை. முனையிலிருந்து உடலுக்குள் பாயும் மின்னோட்டமே திசுவைச் சூடாக்குகிறது. உயிரணுக்களிலுள்ள நீர் நொடியில் ஆவியாவதால் திசு பிளந்துகொள்கிறது. சூடு சற்று மெதுவாக ஏறும்படி செய்தால் இரத்தம் உறைந்து சிறு குழாய்கள் அடைபடுகின்றன. ஆகவே, அறுப்பதும் இரத்தப் பெருக்கை நிறுத்துவதும் ஒரே கருவியால் நடைபெறுகின்றன.

உடலில் மின்சாரம் பாய்ந்தால் ‘ஷாக்’ அடிக்காதா என்று கேட்கலாம். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை மாறி மாறிப் பாய்கிறது. அது நரம்புகளையும் தசைகளையும் துடிக்கச் செய்கிறது; இதயத்தையும் நிறுத்திவிடக்கூடும். அதிர்வெண் மிக உயர்ந்தால் நரம்புகளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. 1890களின் தொடக்கத்திலேயே பிரான்சு நாட்டு விஞ்ஞானி டார்சொன்வால் இதை ஆராய்ந்து காட்டினார். மின்கத்தியில் பொதுவாக விநாடிக்கு 3 லட்சத்திற்கும் மேற்பட்ட சுழற்சிகள் உள்ள மின்னோட்டம் பயன்படுகிறது. வானொலியின் மத்திய அலைகளும் ஏறத்தாழ 5 லட்சத்து 30 ஆயிரத்தில்தான் தொடங்குகின்றன. ஆக, வானொலி அலைக்கு அண்டை வீட்டு மின்சாரம் இது! நரம்பைத் துடிக்கச் செய்யாவிடினும், சூடாக்கும் வேலையை இது விட்டுவிடுவதில்லை.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் போவி என்னும் விஞ்ஞானி இத்தகைய கருவி ஒன்றை அமைத்தார். பாஸ்டன் நகரில், பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில், 1926ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் புகழ்பெற்ற மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அதைப் பயன்படுத்தினார். சில நாள்களுக்கு முன்பு, இரத்தப் பெருக்கால் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு கட்டியை அன்று அவரால் அகற்ற முடிந்தது. இன்றும் பல மருத்துவர்கள் இக்கருவியைப் ‘போவி’ என்றே அழைக்கிறார்கள்.

போன மின்சாரம் திரும்ப வேண்டும்

மின்சுற்று முழுமை பெற்றால்தான் மின்னோட்டம் பாயும் என்பது நமக்குத் தெரியும். மின்கத்தியின் முனை வழியாக உடலுக்குள் சென்ற மின்னோட்டம் எந்த வழியாகவேனும் கருவிக்குத் திரும்பியாக வேண்டும். அதற்காகவே நோயாளியின் தொடை போன்ற இடத்தில் அகலமான தகடு ஒன்றை ஒட்டி, அதைக் கம்பியால் கருவியுடன் இணைக்கிறார்கள். இதுவே திரும்பு மின்வாய். முற்காலத்தில் இது பசை தடவிய உலோகத் தகடாக இருந்தது. இப்போது பெரும்பாலும் ஒட்டும் மென்தகடாக உள்ளது.

முனையில் பாயும் அதே மின்னோட்டமே தகட்டிலும் பாய்கிறது. பின் ஏன் முனை அறுக்கிறது, தகடு சுடுவதில்லை? வீட்டிலுள்ள பியூஸ் கம்பியை எண்ணிப் பாருங்கள். தடித்த கம்பியிலும் மெல்லிய பியூஸ் கம்பியிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம்தான். ஆனால் உருகுவது மெல்லியதே. பள்ளி விட்டதும் மாணவிகள் அனைவரும் அகன்ற வாயில் வழியே வெளியேறினால் நெரிசல் இல்லை. அதே கூட்டம் ஒற்றைக் கதவு வழியே போனால்? மின்னோட்டத்தின் நெரிசலை ‘மின்னோட்ட அடர்த்தி’ என்கிறோம். மின்னோட்டத்தைப் பரப்பால் வகுத்தால் அது கிடைக்கும்.

ஒரு சிறு கணக்கு

மின்னோட்டம் அரை ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். முனை தொடும் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர். தகடு தொடும் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். தகட்டின் பரப்பு முனையினுடையதைப் போல் 10,000 மடங்கு. ஆகவே தகட்டில் மின்னோட்ட அடர்த்தி 10,000இல் ஒரு பங்கே. ஜூல் விதிப்படி, ஒரே வகைத் திசுவில், குறிப்பிட்ட கன அளவில் உண்டாகும் வெப்பம் அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே தகட்டின் அடியில் வெப்பம் 10 கோடியில் ஒரு பங்கு!

இப்போது தகடு பெயர்ந்து, ஒரு மூலையில் 4 சதுர சென்டிமீட்டர் மட்டுமே தோலைத் தொடுவதாகக் கொள்வோம். பரப்பு 25இல் ஒரு பங்காகிவிட்டது. அடர்த்தி 25 மடங்கு. வெப்பமோ 625 மடங்கு. காக்க வேண்டிய தகடே இரண்டாவது மின்கத்தியாக மாறிவிடுகிறது. தொடையில் காயம் உண்டான மர்மம் இதுதான்.

தகட்டை எவ்வாறு அமைக்கிறார்கள்?

முதலாவது, பரப்பும் பசையும். தகட்டின் அடியில் மின்சாரத்தைக் கடத்தும் ஈரப் பசை இருக்கும். தோலின் மேடு பள்ளங்களை அது நிரப்புவதால் பரப்பு முழுவதும் பயன்படுகிறது. பசை உலர்ந்தால் பயன் குறையும். காலாவதியான தகட்டையும், உறை பிரிந்து நெடுநாள் கிடந்த தகட்டையும் ஒதுக்குவது இதனால்தான்.

இரண்டாவது, வடிவம். மின்னோட்டம் தகடெங்கும் சமமாகப் பரவுவதில்லை. அறுவை நடக்கும் பக்கமாக உள்ள விளிம்பிலும் கூரிய மூலைகளிலும் மிகுதியாகக் குவிகிறது. ஆகவே மூலைகளை வட்டமாக அமைக்கிறார்கள். நீண்ட விளிம்பு அறுவை நடக்கும் பக்கத்தை நோக்கி இருக்கும்படி ஒட்டுகிறார்கள்.

மூன்றாவது, கருவியின் மின்சுற்று. பழைய கருவிகளில் திரும்பும் வழி பூமியுடன் இணைக்கப்பட்டிருந்தது. தகடு சரியாக இல்லாவிட்டால் மின்னோட்டம் வேறு வழியில் பூமியை அடையும். மேசையின் உலோகத்தைத் தொடும் கை வழியாகவோ, மார்பில் ஒட்டிய இ.சி.ஜி. மின்வாய் வழியாகவோ சென்று அங்கே சுட்டுவிடும். பின்னர் மின்மாற்றியின் துணையால் பூமியிலிருந்து தனிப்படுத்தப்பட்ட கருவிகள் வந்தன. துணைச் சுருளில் பிறந்த மின்னோட்டம் அந்தச் சுருளுக்கே திரும்ப வேண்டும். பூமியிடம் அதற்கு வேலை இல்லை. இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் சிறிதளவு கசிவு இருக்கத்தான் செய்யும் எனினும், வேறிடங்களில் சுடும் அபாயம் வெகுவாகக் குறைந்தது.

ஆயினும், தகடு பாதி பெயர்ந்தால் என்ன செய்வது? கம்பி அறுந்தால் மணி அடிக்கும் ஏற்பாடு முன்பே இருந்தது. ஆனால் அது கம்பியைச் சோதித்ததேயன்றி, தோலுடன் தகடு ஒட்டியிருப்பதைச் சோதிக்கவில்லை. இதற்கு விடை கண்டவர்கள் தகட்டை இரண்டு பாதிகளாகப் பிரித்தார்கள். கருவி மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்றை ஒரு பாதியிலிருந்து தோல் வழியாக மறு பாதிக்கு அனுப்பி, மின்தடையை இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கும். தகடு பெயரத் தொடங்கினால் தடை ஏறும். உடனே கருவி ஒலியெழுப்பி மின்னோட்டத்தை நிறுத்திவிடும். பரவலாக வழங்கும் ஒரு வகையில் 5 முதல் 135 ஓம் வரையுள்ள தடையையே கருவி ஏற்றுக்கொள்கிறது. 5 ஓமுக்குக் குறைந்தாலும் ஏற்பதில்லை. ஏனெனில் இரு பாதிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம். 1980களில் பரவிய இந்த அமைப்பு, தோல் சுடுவதற்கு முன்பே எச்சரிக்கிறது. இதன் சிறப்பே அதுதான்.

தேர்வு எழுதும் தகடு

நமக்குத் தேர்வு இருப்பதுபோல் தகட்டுக்கும் உண்டு. பெரியவர்களுக்கான தகட்டில் 700 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை 60 விநாடி செலுத்தினால், அதன் அடியில் வெப்பநிலை 6 டிகிரி செல்சியசுக்கு மேல் உயரக்கூடாது என்பது சர்வதேச விதி. ஏன் 6? தோலின் வெப்பநிலை சுமார் 33 டிகிரி. 6 கூட்டினால் 39. மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் இருவர் 1947இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 44 டிகிரியில் தோல் பழுதாகச் சில மணி நேரம் பிடிக்கும்; 60 டிகிரிக்கோ சில விநாடிகளே போதும். ஆகவே 39 என்பது அபாய எல்லைக்கு நன்றாக இப்பால் நிற்கிறது.

செவிலியரின் கை

எவ்வளவு சிறந்த தகடானாலும் ஒட்டுவது ஒரு மனிதக் கையே. சதைப்பற்றும் இரத்த ஓட்டமும் உள்ள இடத்தில், அறுவை செய்யும் இடத்திற்கு அருகில் ஒட்ட வேண்டும். ஓடும் இரத்தம் சூட்டை வாரிக்கொண்டு போகும். எலும்பு துருத்திய இடம், தழும்பு, ரோமம் அடர்ந்த இடம், உள்ளே உலோகம் பொருத்திய இடம் ஆகியவை ஆகா. தோல் உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். வளையல், மோதிரம், மெட்டி முதலியவற்றை அறுவைக்கு முன் கழற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தால் தகட்டை மீண்டும் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு அவர்களின் எடைக்கேற்ற தகடு உண்டு. பெரிய தகட்டைக் கத்தரித்து ஒட்டலாகாது. கத்தி சரியாக அறுக்கவில்லை என்று மருத்துவர் மின்திறனைக் கூட்டச் சொன்னால், முதலில் தகட்டையும் கம்பியையும் பார்ப்பதே முறை.

நம்முள் சிலர் நாளை செவிலியராகலாம். சிலர் மருத்துவராகவோ பொறியியல் வல்லுநராகவோ ஆகலாம். மனிதர் ஒரு நாள் களைத்துப்போவார், ஒரு நாள் மறந்துபோவார் என்பதை உணர்ந்து, அந்த நாளிலும் நோயாளிக்குத் தீங்கு நேராதபடி ஒரு பொருளை அமைப்பதே நல்ல அமைப்பு. பேச இயலாத ஒருவருக்காகத் தகடு பேசுகிறது. அதன் ஒலியை அலட்சியம் செய்யாமல் கேட்பது நம் கடமை.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. 120 சதுர சென்டிமீட்டர் தகட்டில் 30 மட்டுமே தோலைத் தொடுகிறது. மின்னோட்ட அடர்த்தி எத்தனை மடங்காகும்? வெப்பம் எத்தனை மடங்காகும்?

2. இடுக்கிபோன்ற ஒருவகை மின்கருவியில் மின்னோட்டம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கே திரும்புகிறது. அதற்குத் தகடு வேண்டியதில்லை. ஏன்?

3. கம்பி அறுபடாமலே நோயாளிக்குச் சூடு படக்கூடும். எவ்வாறு?