கொட்டாத தேள்

தேள் என்றாலே நமக்குக் கொடுக்குதான் ஞாபகம் வரும். கொடுக்கே இல்லாத ஒன்றைப் பற்றி இம்மலரில் எழுதுகிறேன். பெயர், குட்டைவால் சாட்டைத்தேள். பெயரில்தான் தேள், உண்மையில் தேளுக்கும் சிலந்திக்கும் தூரத்துச் சொந்தம். 300-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு.

இவ்வகையை 1872-ல் இலங்கையிலிருந்து வந்த மாதிரிகளைக் கொண்டு விவரித்தவர் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். 1911-ல் பேராதனையின் பெயரையே இன்னொரு இனத்துக்குச் சூட்டியவர் எஃப்.எச். கிரேவ்லி. 1920 முதல் 1940 வரை நம்ம சென்னை எழும்பூர் மியூசியத்தின் கண்காணிப்பாளர் அவர்தான்!

உடல் சுமார் 5 மில்லிமீட்டர். சீரகச் சம்பா அரிசி அளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கண் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. முதல் ஜோடிக் கால்களால் நடப்பதில்லை. அவற்றை நீட்டித் தடவித்தான் வழி பார்க்கிறது. ஆபத்து வந்தால் பருத்த பின்னங்கால்களால் சட்டென்று பின்னோக்கித் துள்ளும். ஆணின் குட்டை வாலைப் பெண் கவ்விப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவதுதான் இவற்றின் திருமணம். பிறகு தாய் மண்ணுக்குள் சிறு அறை அமைத்து, முட்டைகளை வயிற்றடியில் சுமந்து காக்கிறது.

இதன் உயிர்நாடி ஈரம். மட்கிய இலை, கல்லடி, குகை இவையே வீடு. உணவு அங்குள்ள சிறு பூச்சிகள். காய்ந்தால் உயிர் போச்சு.

இதை நாமே ஒர்க்‌ஷாப்பில் சோதிக்கலாம். தகரப் புனலில் கம்பிவலை பொருத்தி, மூங்கிலடியில் அள்ளிய ஈர இலைக்குப்பையைப் போடுங்கள். மேலே 40 வாட் பல்பு, கீழே ஈரத்துணி வைத்த பாட்டில். மேலிருந்து காயக் காய, குப்பைக்குள் இருக்கும் சிற்றுயிர்கள் பலவும் கீழே இறங்கிவிடும். 1905-ல் இத்தாலியர் பெர்லீஸ் அமைத்த கருவியின் எளிய வடிவம் இது. எண்ணிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

பல்புச் சூட்டுக்கே தப்பியோடும் உயிர்கள், நாம் சருகைக் கூட்டிக் கொளுத்தும்போது எங்கே போகும்? காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணத்துத் தண்ணீர் தரும் ஈரம் இருக்கிறது. அதைக் காக்கும் சருகைத்தான் நாம் எரிக்கிறோம். வளாகத்தின் ஒரு மூலையில் மட்கு குழி வெட்டினால் போதும். குப்பையும் உரமாகும், உயிரும் பிழைக்கும்.

ஒரு எச்சரிக்கை: நுனியில் கொடுக்குள்ள நிஜத் தேளைத் தொடாதீர்கள். கொட்டிவிட்டால் மந்திரிக்கப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொடுக்கில்லாத இந்தச் சின்னஞ்சிறு ஜீவன் மீது மட்டும் செருப்பைத் தூக்காதீர்கள்!