ஒற்றைக் காலோடு கடலடிக்கு: கார்ல் பிரஷீர்

இந்த மாதப் பாடம் ஓர் அமெரிக்கக் கப்பற்படை வீரரைப் பற்றியது. பெயர் கார்ல் பிரஷீர். 2000ஆம் ஆண்டு வந்த "மென் ஆஃப் ஆனர்" படத்தைப் பார்த்தவர்களுக்கு இவரைத் தெரியும். படம் நல்ல படம்தான். ஆனா அதில் பாதி சினிமாவுக்காகச் சேர்த்தது. நிஜக் கதை அதைவிட மெதுவாகப் போகும். எனக்கு நிஜக் கதைதான் பிடிக்கிறது.

அவர் 1931 ஜனவரி 19ஆம் தேதி கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். அடுத்தவர் நிலத்தில் பயிர் செய்து, விளைச்சலில் பங்கு வாங்கிப் பிழைக்கும் கறுப்பினக் குடும்பம். வீட்டில் நிறைய பிள்ளைகள். கிராமத்துத் தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றுபோனது. அதாவது, நம்ம கணக்கில் இடைநிலைப்பள்ளியை முழுசாகப் பார்க்காத பையன். முதலில் தரைப்படையில் சேரப் போனார். அங்கே அவரை நடத்திய விதம் பிடிக்காமல் கப்பற்படைக்கு வந்தார். 1948 பிப்ரவரி மாதம், 17 வயதில் சேர்ந்தார்.

அந்த நாள்கள் எப்படிப்பட்டவை என்று கொஞ்சம் பார்க்கணும். படையில் நிறப் பாகுபாடு கூடாது என்று அதிபர் ட்ரூமன் உத்தரவு போட்டது 1948 ஜூலையில். பிரஷீர் சேர்ந்தது அதற்கு ஐந்து மாதம் முன்னால். கறுப்பினத்தவருக்கு அப்போது கிடைத்த வேலை பெரும்பாலும் அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறுவது, தட்டு எடுப்பது, துணிமணி பார்ப்பது. இவரும் அங்கேதான் தொடங்கினார். உத்தரவு காகிதத்தில் வந்துவிட்டது என்பதற்காகக் கப்பலில் இருப்பவர்களின் மனசு மறுநாளே மாறிவிடுமா என்ன?

ஒருமுறை அவர் இருந்த விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஒரு விமானம் கடலில் விழுந்துவிட்டது. அதை மீட்க ஒரு முக்குளிப்பாளர் பெரிய செப்புத் தலைக்கவசத்தோடு இறங்கினார். பிரஷீர் அதைப் பார்த்தார். தன் வேலை இதுதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். முக்குளிப்புப் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டார். பதில் இல்லை. மறுபடியும் போட்டார். இப்படியே ஆண்டுகள் போயின. 1954இல்தான் நியூ ஜெர்சியில் உள்ள பேயோன் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே அவர் கட்டிலில் மிரட்டல் சீட்டுகள் கிடக்குமாம், தண்ணீருக்குள் மூழ்கடித்துவிடுவோம் என்று.

இந்த மிரட்டல் எவ்வளவு பயங்கரமானது என்று புரிய, அந்தக் காலத்து முக்குளிப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளணும். இங்கே கொஞ்சம் பௌதிகம் பேசுகிறேன், மன்னிக்கவும். மார்க் 5 என்கிற அந்த உடை மொத்தம் 85 கிலோவுக்கு மேல் வரும். தலைக்கவசம், ஈய இடுப்புப் பட்டை, ஈயம் பதித்த காலணி எல்லாம் சேர்த்து. மூச்சுக்காற்று முதுகில் இல்லை. மேலே படகிலிருந்து குழாய் வழியாக வரும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடும். 30 மீட்டரில் மேலே இருப்பதைப்போல நான்கு மடங்கு. உள்ளே வரும் காற்றும் அதே அழுத்தத்தில் இருக்கணும். குறைந்தால் தண்ணீர் உடலை நசுக்கும். கூடினால் உடை பலூன்போல ஊதி, ஆளைக் கட்டுப்பாடில்லாமல் மேலே தூக்கிவிடும். அப்படி வேகமாக மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகக் கிளம்பும். சோடா பாட்டிலைக் குலுக்கித் திறப்பதைப்போல. மூட்டுவலியில் தொடங்கி முடக்கம், சாவு வரைக்கும் போகலாம்.

ஆக, கீழே இருப்பவனின் உயிர் மேலே குழாயையும் கயிற்றையும் பிடித்துக்கொண்டிருப்பவன் கையில். அந்தக் கையில் ஒன்றுதான் நேற்று ராத்திரி சீட்டு எழுதியதோ என்ற சந்தேகத்தோடு இவர் ஒவ்வொரு நாளும் இறங்கியிருக்கிறார். விட்டுவிடலாம் என்று நினைத்தபோது ஒரு மூத்தவர் தடுத்து நிறுத்தினார். அந்த ஆண்டே தேறி, அந்தப் பள்ளியில் தேறிய முதல் கறுப்பின வீரர்களில் ஒருவரானார்.

முதல்நிலை முக்குளிப்பாளர் பயிற்சிக்குப் போனபோது நடந்ததைப் படம் அவ்வளவாகச் சொல்வதில்லை. அவர் தோற்றார். உடல் பலத்தில் இல்லை, கணக்கிலும் அறிவியலிலும். பகுதி அழுத்தம், வாயு விதிகள், முக்குளிப்பு மருத்துவம் இவற்றை எல்லாம் தொடக்கப் பள்ளிப் படிப்போடு எப்படிச் சமாளிப்பது? திரும்பி வந்து, வேலை நேரம் போகத் தானே உட்கார்ந்து படித்தார். 1960களின் தொடக்கத்தில் மறுபடி போய்த் தேறினார். செமஸ்டர் முடிவு வரும்போது இந்தப் பகுதியைத்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

1966 ஜனவரி 17. ஸ்பெயினின் பாலோமாரெஸ் கிராமத்துக்கு மேலே ஒரு பி-52 குண்டுவீச்சு விமானமும் அதற்கு எரிபொருள் ஊற்ற வந்த விமானமும் மோதின. ஏழு பேர் இறந்தார்கள். நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. மூன்று தரையில் கிடைத்தன, நான்காவது கடலில். அது விழுந்த இடத்தைக் காட்டியது பிரான்சிஸ்கோ சிமோ என்ற உள்ளூர் மீனவர். படத்தில் பிரஷீர் கடலடியில் நடந்துபோய்க் குண்டைக் கண்டுபிடிப்பார். யோசித்துப் பாருங்கள்: குண்டு கிடந்தது ஏறக்குறைய 800 மீட்டர் ஆழத்தில். நம்ம கணக்குப்படி 80 வளிமண்டலத்துக்கு மேல். அந்த உடையோடு எந்த மனிதனும் அங்கே போக முடியாது. ஆல்வின் என்ற சிறிய நீர்மூழ்கிதான் அதைக் கண்டுபிடித்தது. ஏப்ரல் 7ஆம் தேதி ஆளில்லா இயந்திரம் ஒன்றின் துணையோடு மேலே எடுத்தார்கள்.

பிரஷீர் இருந்தது ஹாய்ஸ்ட் என்ற மீட்புக் கப்பலின் தளத்தில். மார்ச் மாதக் கடைசியில், பக்கத்தில் நின்ற படகோடு கட்டியிருந்த கயிறு இழுவை தாங்காமல் போனது. இறுக இழுத்த கயிறு ஒரு பெரிய ஸ்பிரிங் மாதிரி. இழுவிசை கூடக் கூட உள்ளே ஆற்றல் சேரும். பிய்த்துக்கொண்டால் அத்தனையும் ஒரே நொடியில் வெளியே வரும். ஆபத்தைப் பார்த்த அவர் பக்கத்தில் இருந்தவர்களைத் தள்ளிவிட்டார். பெயர்ந்து வந்த இரும்புக் குழாய் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே நொறுக்கியது. மருத்துவமனை போய்ச் சேரும்போது ரத்தமெல்லாம் போய், பிழைப்பாரா என்ற நிலை. இன்றைக்கும் துறைமுகங்களில் இறுகிய கயிற்றின் பாதையில் நிற்காதே என்று சொல்வார்கள். போர்ட் கிள்ளானிலோ சிங்கப்பூர் துறைமுகத்திலோ வேலைக்குப் போகப்போகிறவர்கள் இதை மறக்கவேண்டாம்.

கால் ஆறவில்லை, சீழ் பிடித்தது. குணமாக ஆண்டுக்கணக்கில் ஆகும் என்றார்கள். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது, எடுத்துவிடுங்கள் என்று அவரே மருத்துவர்களிடம் வற்புறுத்தினார். வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மத் கப்பற்படை மருத்துவமனையில் காலை எடுத்தார்கள். படத்தில் வரும் வழக்குமன்றம், 12 அடி நடக்கும் காட்சி எல்லாம் சினிமா. நிஜத்தில் அவர் ஓர் ஆண்டு முழுக்க, 1967 முதல் 1968 வரை, முக்குளிப்புப் பள்ளியில் மற்றவர்களோடு ஓடி, இறங்கி, தினமும் நிரூபிக்கவேண்டியிருந்தது. ஓடி முடித்துச் செயற்கைக் காலைக் கழற்றினால் உள்ளே ரத்தம் இருக்குமாம். மருத்துவரிடம் போனால் நீக்கிவிடுவார்கள் என்று, வாளியில் சுடுதண்ணீரும் உப்பும் போட்டுக் காலை ஊறவைத்துக்கொள்வாராம். சிலர் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. காயத்தை மறைக்கவைத்தது அந்த முறையின் குறை. அவருக்கு வேறு வழி கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். உங்களுக்குக் கால் வலித்தால் தயவுசெய்து பயிற்றுநரிடம் சொல்லுங்கள்.

1968 ஏப்ரலில் அவருக்கு மறுபடி சான்றிதழ் கிடைத்தது. காலை இழந்தபின் அமெரிக்கக் கப்பற்படையில் முக்குளிக்க அனுமதி பெற்ற முதல் ஆள் அவர்தான். 1970இல் தலைமை முக்குளிப்பாளர், அதிலும் முதல் கறுப்பினத்தவர். வாழ்க்கை அதோடு நேராகிவிடவில்லை. மதுப்பழக்கம் அவரைப் பிடித்தது; சிகிச்சைக்குப் போய்த்தான் அதிலிருந்து வெளியே வந்தார். பிற்காலத்தில் இதையும் ஒளிக்காமல் சொன்னார். 1979 ஏப்ரல் 1ஆம் தேதி 31 ஆண்டுச் சேவைக்குப் பிறகு ஓய்வு பெற்றார். அதன்பின் நார்ஃபோக் கப்பற்படைத் தளத்தில் சிவில் பணியாளராக 1993 வரை வேலை பார்த்தார்.

2006 ஜூலை 25ஆம் தேதி, 75 வயதில், மூச்சும் இதயமும் செயலிழந்து காலமானார். இறந்த இடம் அதே போர்ட்ஸ்மத் மருத்துவமனை. அங்கே காலை எடுத்து நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. 2008 செப்டம்பரில் சான் டியேகோவில் கப்பற்படையின் சரக்குக் கப்பல் ஒன்றைக் கடலில் இறக்கி அவர் பெயரை வைத்தார்கள். 210 மீட்டர் நீளம். நடுக்கடலில் நிற்கும் போர்க்கப்பல்களுக்கு வெடிமருந்தும் எரிபொருளும் சாப்பாடும் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் வேலை.